காட்டுக்குப் போன உருளை

கண்ணு,

உன் கடிதம் சந்தைக்கு வந்த ஆள் கையில் திங்கட்கிழமையே வந்து சேர்ந்துவிட்டது. அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தேன். இரண்டு வரி எழுதுவதற்குள் கோபம் வந்து, தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுக் கோழிக்குத் தீனி போடப் போய்விட்டேன். மறுநாளும் அதே கதை. இன்றைக்குக் கோபம் கொஞ்சம் அடங்கியிருக்கிறது, அதனால் இன்றைக்கு எழுதினால்தான் உண்டு. நீயும் ஃபாத்திமாவும் நலமாக இருக்க அல்லாஹ் அருள் செய்யட்டும். கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகாத பெண் அவள். அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இந்த முடிவுக்கு வந்தாயா, கேட்காமலே வந்தாயா என்று நீ எழுதவில்லை. கேட்டிருக்க மாட்டாய். உன் அத்தா பெற்ற பிள்ளைதானே நீ.

நீ எழுதியதை உனக்கே ஒருமுறை திருப்பிச் சொல்கிறேன், காதில் எப்படி விழுகிறது என்று பார். சேலத்துப் பட்டறை முதலாளி உன்னை மகனைப் போல வைத்துக்கொண்டு தொழில் சொல்லிக்கொடுத்தவர். அவர் மலையடிவாரத்தில் இடம் பார்த்து, ஆயில் எஞ்சின் வைத்து, ஜவ்வரிசி ஆலை போடலாம், நீயும் கூட்டாளியாக இரு என்று கூப்பிடுகிறார். நீ முடியாது என்று சொல்லிவிட்டாய். மலைமேல் சோளக்காடு ஊரில் அத்தாவின் மாவுக் கொட்டகை இருக்கிறது, அதை அத்தா எப்படி வைத்திருந்தாரோ அப்படியே நடத்தப் போகிறேன், மில்காரர்கள் ஒரு நாள் திரும்பி வருவார்கள், அதுவரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்போம் என்று எழுதியிருக்கிறாய். படித்ததும் எனக்குக் கண் கலங்கியது உண்மைதான். தகப்பன் மேல் பிள்ளை வைத்திருக்கும் பிரியத்தைப் பார்த்தால் எந்தத் தாய்க்கு நெஞ்சு நிறையாது? ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டாம் முறை படித்தபோது, ஐயோ, இந்தப் பையன் தன் வாழ்க்கையைக் கெடுத்துக்கொள்ளப் போகிறானே என்று பதறிப்போனேன். யுத்தம் முடிந்துவிட்டது. கப்பல் ஓடுகிறது. வெளிநாட்டு மாவு துறைமுகத்தில் மூட்டை மூட்டையாக வந்து இறங்குகிறது. துணி மில்லுக்கு நம் மாவு வேண்டாமாம். பிறகு யாருக்காக நீ கிழங்கு துருவும் அந்த உருளையைச் சுற்றப் போகிறாய்?

உன் மேல் தப்பில்லை. நீ பார்த்தது அப்படி. பட்டறையில் வேலை பழகப் போனவன், லீவு கிடைத்தபோது மட்டும் மலையேறி வருவாய். நீ வந்த நேரத்திலெல்லாம் எல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது. துருவுகிற உருளைகள் ஊர் ஊராகக் காட்டுக்குப் போகும். ஈர மாவு கொட்டகைக்கு வரும். பாய் பாயாக வெள்ளை வெளேரென்று காயும். உன் அத்தா நடுவில் நின்று காக்காய் விரட்டுவார். இதை அவர் தாய் வயிற்றிலிருந்தே கற்றுக்கொண்டு வந்து கொட்டகை போட்ட அன்றைக்கே ஆரம்பித்துவிட்டார் என்று நீ நினைத்துக்கொண்டாய். அவரும் உன்னிடம் வேறு மாதிரி சொல்லவில்லை. பிள்ளையிடம் பெருமையடித்துக்கொள்ளாத தகப்பன் யார்? நடந்தது என்ன என்று இன்றைக்கு நான் சொல்கிறேன். அவர் மவுத்தாகிவிட்டார், இனி என்னை மறுத்துப் பேச முடியாது. இருந்திருந்தால், "ஏ புள்ள, பையங்கிட்ட இதெல்லாம் எதுக்கு?" என்று வெற்றிலைப் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போயிருப்பார்.

அவர் மிளகு வியாபாரி. சேந்தமங்கலத்திலிருந்து மலையேறி வந்து, சோளக்காட்டுச் சந்தையில் மிளகும் காப்பிக்கொட்டையும் தேனும் வாங்கித் தலைச்சுமையாகக் கீழே அனுப்புவார். அந்த வியாபாரத்தில் அவசரம் கிடையாது. மிளகு இன்றைக்கு வந்தால் என்ன, அடுத்த சந்தைக்கு வந்தால் என்ன? காய வைத்துக் கட்டிப் போட்டால் அது பாட்டுக்குக் கிடக்கும். மலாய் நாடு ஜப்பான்காரன் கைக்குப் போய்க் கப்பல் நின்றதும், துணி மில்லில் பாவு நூலுக்குப் போடுகிற கஞ்சிக்கு மாவு கிடைக்காமல் தவித்துப்போனார்கள். மில் ஏஜெண்டு ஒருவர் மூச்சு வாங்க மலையேறி வந்து, "பாய், இங்க குச்சிக்கிழங்கு, அதாங்க மரவள்ளி, விளையுதாமே, வாரம் தவறாம மாவு குடுக்க முடியுங்களா?" என்று கேட்டார். உன் அத்தாவுக்கு 'முடியாது' என்ற சொல் வாயில் வராது என்பது உனக்கே தெரியும். வந்தவருக்கு டீ கொண்டுவா என்று என்னிடம் சொல்வதற்கு முன்பே முடியும் என்று அவரிடம் சொல்லிவிட்டார். குச்சிக்கிழங்கை அவித்துத் தின்றதைத் தவிர அதைப் பற்றி அவருக்கு வேறு ஒன்றும் தெரியாது.

கொட்டகை எழும்பியது. மண்ணெண்ணெய் டின்னை வெட்டித் தகடாக்கி, ஆணியால் ஓட்டை ஓட்டையாகக் குத்தி, சொரசொரப்பான பக்கம் வெளியே இருக்கும்படி மர உருளையில் சுற்றினார்கள். ஒருவர் கைப்பிடியைச் சுற்ற, இன்னொருவர் கிழங்கை அழுத்திப் பிடித்தால் துருவலாக விழும். துருவலைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து துணியில் வடிகட்டினால் பால் இறங்கும். பால் தொட்டியில் தெளிந்து அடியில் மாவு கட்டியாக உட்காரும். அதை எடுத்துக் காயவைத்தால் மில்லுக்கு வேண்டிய மாவு. வடிகட்ட நெருக்கமான துணி வேண்டுமென்று என் கல்யாணத்துக்கு எடுத்த புடவையையே கேட்டார், பாவி மனுஷன். நான் கொடுக்கவில்லை. சந்தைக்குப் போய் வந்து பார்த்தால் புடவை கொட்டகையில் நாலு மூலையில் கட்டித் தொங்குகிறது. ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. அது வேறு கதை. சுண்ணாம்பு அரைத்துப் பெரிய தொட்டி ஒன்று கட்டினார். அந்தத் தொட்டி மேல் அவருக்கு இருந்த பெருமை உன்னைப் பெற்றபோதுகூட இருந்திருக்குமா என்று தெரியாது. விருந்தாளி வந்தால் முதலில் தொட்டியைக் காட்டுவார், அப்புறம்தான் உட்காரச் சொல்வார்.

இனிமேல்தான் சங்கடம். கிழங்கு மிளகு மாதிரி காத்திருக்காது. மண்ணிலிருந்து பிடுங்கி இரண்டு நாள் போனால் உள்ளே கருநீலமாகக் கோடு ஓடிவிடும், அப்புறம் எத்தனை கழுவினாலும் மாவு வெளுக்காது. வியாபாரிக்கு இது புரிய நாளானது. சரி, தினம் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுவரச் சொல்லலாம் என்று நினைத்தார். கிழங்கு விளைகிற திருப்புலி நாட்டு மலையூர்களில் அது நடக்காது. அங்கே யாரும் தன் காட்டில் தனியாகப் பெரிய வேலை செய்வதில்லை. இன்றைக்கு ஒருவர் காடு என்றால் ஊரே அங்கே இறங்கும், ஒரே நாளில் அந்தக் காட்டை முடிக்கும். மறுநாள் அடுத்தவர் காடு. விதைப்புக்கும் முறை, அறுப்புக்கும் முறை, கிழங்கு பிடுங்கவும் முறை. அதனால் ஒரு நாள் கொட்டகை வாசலில் கிழங்கு மலைபோல் குவியும், உருளை சுற்றுகிறவர்களுக்குக் கை ஓய்ந்துபோகும், பாதிக்கு மேல் கறுக்கும். அதற்குப் பிறகு முறை சாமைக் காட்டுக்குப் போய்விடும். கொட்டகையில் ஆட்கள் உட்கார்ந்து ஆடுபுலி ஆட்டம் ஆடுவார்கள். புளித்துப்போன துருவல் நாற்றத்தில் எனக்குச் சோறு இறங்காது. கறுத்த மாவை மில்லுக்கு அனுப்பினோம். ஏஜெண்டு திரும்பி வந்தார், இந்தத் தடவை டீ குடிக்கவில்லை. நூலெல்லாம் பழுப்பேறிவிட்டதாம், அடுத்த மாதமும் இப்படி வந்தால் வேறு இடம் பார்த்துக்கொள்வோம் என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டார்.

உன் அத்தா அப்போது செய்ததை வேறு ஊரில் செய்திருந்தால் புத்திசாலித்தனம் என்று சொல்லியிருப்பார்கள். கடைவீதியில் முதலில் வருகிறவனுக்கு ஒரு கை கூடப் போடுவது வியாபாரி வழக்கம். அதே நினைப்பில், தினமும் ஒரு கூடை கிழங்கு கொண்டுவருகிறவருக்குக் கூலியும் கூடுதல், அதோடு கொடுக்கிற உப்பும் கூடுதல் என்று சொல்லிவைத்தார். சடையன் என்று ஒருவர், உனக்கு அவரைத் தெரியும், தேனடை கொண்டுவந்து கொடுப்பாரே, அவர் ஒத்துக்கொண்டார். கைக்குழந்தைக்காரர், உப்பு வேண்டியிருந்தது. தன் காட்டில் தானே இறங்கி தினமும் கொஞ்சம் பிடுங்கிக் கொண்டுவந்தார். உன் அத்தாவுக்கு ஒரே சந்தோஷம். "பாத்தியா, ஒருத்தன் வந்தா பத்துப் பேர் வருவாங்க" என்றார். பத்துப் பேர் வரவில்லை. அந்த ஊரில் ஒருவர் முறைக்குக் காத்திராமல் தனியாகப் பிடுங்கினால், 'எனக்கும் உங்களுக்கும் இனி ஒட்டில்லை, உறவில்லை' என்று வாயால் சொன்னதற்குச் சமம். சடையனுக்கு அது தெரியாமல் இல்லை, தினம் ஒரு கூடைதானே எடுக்கிறோம், காட்டை முடிக்கவில்லையே என்று மனதைச் சமாதானம் செய்துகொண்டிருக்கிறார். ஊர் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. யாரும் அவரைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. அவருடைய முறை வந்த அன்று யாரும் வரவில்லை, அவ்வளவுதான்.

எங்களுக்கு இதெல்லாம் தெரியாது. ஒரு நாள் காலையில் சடையன் வீட்டுக்காரி வெள்ளையம்மா இடுப்பில் பிள்ளையோடு வந்து கொட்டகை ஓரமாக நின்றாள். கிழங்குக் கூடையைக் காணோம். என்னம்மா, இன்றைக்குக் கிழங்கு இல்லையா என்று கேட்டேன்.

"இல்லீங்கம்மா. இனிமே வராதுங்க" என்றாள். பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, "எங்க சாமை வெளஞ்சு சாஞ்சு கெடக்குதுங்க. மழ கூடிட்டு வருது. ஆரும் வரலீங்க. நாங்க ரெண்டு பேரு எத்தனையத்தான் அறுக்கறது? இந்தச் சாமை போச்சுன்னா வருசம் பூரா என்னத்தத் திங்கறதுங்க?" என்றாள்.

"ஏம்மா வரல? எல்லாருக்கும் உடம்பு சரியில்லையா?" என்று கேட்டேன், ஒன்றும் தெரியாத மக்குப்போல.

அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. "உங்க ஊட்டு உப்புதானுங்கம்மா" என்றாள். பிறகு உட்கார்ந்து முழுக்கதையும் சொன்னாள். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே, வேறு யாருக்கோ நடந்ததைச் சொல்வது போலச் சொன்னாள்.

அவள் போனதும் நான் உன் அத்தாவைப் பிடித்துக்கொண்டேன். என் வாய் உனக்குத் தெரியாதா? புடவையில் ஆரம்பித்துச் சடையனில் வந்து நின்றேன். அவர் திருப்பித் திருப்பி, மாவு வாரம் தவறாமல் போக வேண்டுமே, இவர்கள் கொஞ்சம் வழக்கத்தை மாற்றிக்கொண்டால் என்ன குறைந்துபோகும் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு ஆத்திரம் பொங்கிவிட்டது. "அவங்க எதுக்கு மாத்தோணும்? ஒரு குடும்பத்தத் தனியா நிக்க வெச்சாச்சு, இன்னும் எத்தன குடும்பத்தப் பிரிக்கறதா உத்தேசம்? அவ்வளவு அவசரம்னா உங்க உருளையத் தூக்கித் தலையில வெச்சுக்கிட்டு அவங்க காட்டுக்கே போங்களேன்!" என்று கத்தினேன். நான் யோசனை சொல்லவில்லை கண்ணு, திட்டினேன். கேட்டவர் யாராக இருந்தாலும் வசவு என்றுதான் எடுத்துக்கொண்டிருப்பார்கள். உன் அத்தா வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு உருளையைப் பார்த்தார். அப்புறம் எழுந்து போய் அதன் கால்களை ஆட்டிப் பார்த்து, "இந்த மர ஆப்பக் கழட்டிட்டா ரெண்டு ஆள் தூக்கலாமே" என்றார். எனக்குக் கோபத்திலும் சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாள் அவர் ஊர்க்கவுண்டரைப் பார்க்கப் போனார், நானும் கூடப் போனேன். சடையன் மேல் குற்றமில்லை, ஊர் வழக்கம் தெரியாமல் நான்தான் ஆசைகாட்டிக் கெடுத்தேன் என்று உன் அத்தா ஒளிவில்லாமல் சொன்னார். கவுண்டர் பிடிகொடுக்கவில்லை. "அவன் போனான், நாங்க அனுப்பலீங்க ராவுத்தரே" என்று மட்டும் சொன்னார். அப்போதுதான் இவர், இனிமேல் கிழங்கு கொட்டகைக்கு வர வேண்டாம், உங்கள் முறை எந்தக் காட்டுக்குப் போகிறதோ அந்தக் காட்டுக்கு நான் உருளையைக் கொண்டுவருகிறேன், பிடுங்கப் பிடுங்க அங்கேயே துருவிக்கொள்ளலாம், எல்லோருக்கும் கூலி உண்டு என்றார். கவுண்டருக்கு அது பிடித்திருந்தது, முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை. மொத மொத எந்தக் காட்டுக்கு வருவீங்க என்று கேட்டார். "சடையன் காட்டுக்கு" என்றார் உன் அத்தா. அந்த ஒரு சொல்லுக்காக நான் என் புடவையை மன்னித்துவிட்டேன்.

உருளையைத் தடியில் கட்டித் தூக்கிக்கொண்டு போய் சடையன் காட்டு ஓடைக்கரையில் வைத்தோம். சடையனும் வெள்ளையம்மாவும் நாங்களும் கொட்டகை ஆட்கள் இருவரும்தான். ஊரில் ஒருவரையும் காணோம். சடையன் தலையைத் தூக்காமல் கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்தார். நாங்கள் துருவ ஆரம்பித்தோம். மண் ஈரமாக இருந்ததால் உருளையின் கால் ஒரு பக்கம் இறங்கி, சுற்றச் சுற்றச் சாய்ந்துகொண்டே போய், கடைசியில் உன் அத்தாவையும் தள்ளிக்கொண்டு ஓடையில் விழுந்தது. வேட்டியெல்லாம் கிழங்குப் பால். அப்போது மேட்டுப் பக்கம் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்த்தால் புதருக்குப் பின்னால் ஊர்ப் பெண்கள் பாதிப் பேர் நிற்கிறார்கள். "எந்திரத்தப் பாக்கத்தான் வந்தோமுங்க" என்றாள் ஒரு கிழவி, யாரும் கேட்காமலே. பார்க்க வந்தவர்கள் உருளையைத் தூக்கி நிறுத்தி, கால் இறங்காமல் கல் முட்டுக் கொடுத்தார்கள். கல் கொடுத்தவர்கள் சுற்றிப் பார்க்கிறேன் என்று கைப்பிடியைப் பிடித்தார்கள். ஆண்பிள்ளைகள் வந்து, பொம்பளைகளைக் கூப்பிட வந்தோம் என்றார்கள். வெயில் சாய்வதற்குள் சடையன் காட்டில் கிழங்கு ஒன்று பாக்கியில்லை. யாரும் சடையனோடு பேசவில்லை. போகும்போது கவுண்டர் மட்டும் வரப்பில் நின்று, "காலைல சாமைக்கு வாரோம், அருவாளத் தீட்டி வையி" என்று சொல்லிவிட்டுப் போனார். சடையன் காட்டுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதார். என்னாலும் அழாமல் இருக்க முடியவில்லை.

இப்படித்தான் உருளை காட்டுக்குப் போனது. ஆனால் அதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. முறை கிழங்குக்கு வருகிற நாளில் மாவு மிதமிஞ்சி வரும், வராத நாளில் ஒன்றும் வராது, அது மாறவில்லை. அதற்கு வழி தானாக வந்தது. ஒரு தடவை தூறலில் காயவைக்க முடியாமல் ஈர மாவைத் தண்ணீருக்குள்ளேயே விட்டுவைத்தோம், அன்றன்றைக்குத் தண்ணீரை மட்டும் மாற்றினோம். எடுத்துப் பார்த்தால் மாவு முன்னைவிட வெளுத்திருந்தது. கிழங்கு காத்திருக்காது, மாவு தண்ணீருக்குள் காத்திருக்கும் என்பது அப்போதுதான் தெரிந்தது. பிறகு அந்தந்த ஊரில் பானைகளில் மாவு தண்ணீருக்குள் கிடக்கும், நாங்கள் தேவைக்கு எடுத்து வந்து நாள் தவறாமல் காயவைப்போம். ஊர் அதன் போக்கில் வேலை செய்தது, மில்லுக்கும் வாரம் தவறாமல் மூட்டை போனது. நஷ்டம் யாருக்கென்றால் உன் அத்தாவின் தொட்டிக்கு. துருவல் காட்டுக்குப் போன பிறகு அத்தனை பெரிய தொட்டிக்கு வேலை இல்லை. தவளை குடிவந்தது. அவர் சில நாள் அதன் விளிம்பில் போய் நின்று பார்ப்பார். "என்ன, தவளைக்கும் டீ கொண்டுவரவா?" என்று கேட்பேன். சிரித்துவிடுவார். மனது வலித்திருக்கும், இருந்தாலும் அதை இடித்துக் கல்லை எடுத்து நடைபாதைக்குப் போட்டது அவரே.

அதனால் 'அத்தா எப்படி வைத்திருந்தாரோ அப்படியே' என்று நீ எழுதியதைப் படித்தால் எனக்கு எப்படி இருக்கும், சொல். எந்த வருடத்து அத்தா? மிளகு வியாபாரம் செய்த அத்தாவா, தொட்டி கட்டிய அத்தாவா, ஓடையில் விழுந்த அத்தாவா? அவர் எதையும் இரண்டு வருடம் ஒரே மாதிரி வைத்திருந்ததில்லை. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மனதில் வைத்துக்கொண்டு நான் என்ன செய்யப் போகிறேன். கடைசி வருடத்தில் அவரும் உன்னைப் போலத்தான் ஆகிவிட்டார். மில்காரர்கள் மூட்டையைக் குறைத்தபோது, ஈர மாவைத் துணித் தொட்டிலில் கட்டிக் குலுக்கினால் மணி மணியாக உருளும், சட்டியில் வறுத்தால் ஜவ்வரிசி ஆகிறது, சேலத்துப் பக்கம் செய்கிறார்கள் என்று நீதான் வந்து சொன்னாய். "மில்லுக்கு மாவு குடுக்கறவன் நான், பாயசக் கடை வெக்கச் சொல்றியா?" என்று உன்னை அடக்கிவிட்டார். நீயும் மறுபேச்சுப் பேசவில்லை. அன்றைக்கு அவரைத் திட்டியிருக்க வேண்டியவள் நான். அவர் நெஞ்சு வலியோடு இருந்தார், எனக்கு மனது வரவில்லை. அவர் அன்றைக்குச் சொன்னது சரியில்லை கண்ணு. நீ சொன்னதுதான் சரி. இறந்துபோனவரை மறுத்துப் பேசக்கூடாது என்று நீ வாயை மூடிக்கொண்டிருக்கிறாய். இறந்துபோனவரின் மனைவி நான் சொல்கிறேன், நீ பேசலாம்.

உன் அத்தாவிடம் எனக்குப் பிடித்தது எது தெரியுமா? திட்டினால் கேட்டுக்கொள்வார். முகம் சுருங்கும், ஆனால் திட்டுக்குள் ஏதாவது உபயோகமாக இருக்கிறதா என்று தேடுவார். நீ பெரிய ஆலை வைத்தாலும் சின்னக் கொட்டகை வைத்தாலும் அதை மட்டும் எடுத்துக்கொள். ஃபாத்திமா திட்டினால் கதவைச் சாத்திக்கொண்டு போய்விடாதே, நின்று கேள். எஞ்சின் ஓட்டுகிறவர் முணுமுணுத்தால் என்னவென்று விசாரி. உன் ஆலைக்குத் தோதாக இல்லையே என்று எந்த ஊர்க்காரரையும் அவர் ஊரிலிருந்து பிரித்துவிடாதே. உன் எஞ்சினைக் கழற்றி மாட்டலாம், பிரிந்த ஊரை ஒட்டவைக்க ஒவ்வொரு தடவையும் யாராவது ஓடையில் விழுந்துகொண்டிருக்க முடியாது. இவ்வளவுதான் என் புத்திமதி. நீளமாகிவிட்டது என்று எனக்கே தெரிகிறது.

இனி, நீ உட்கார்ந்திருக்கிறாயா? உட்கார்ந்துகொண்டு படி. நீ கொட்டகையை நடத்த மேலே வர முடியாது, ஏனென்றால் கொட்டகையில் இப்போது உருளை இல்லை. எல்லாவற்றையும் அந்தந்த ஊருக்கே கொடுத்துவிட்டேன். சடையன் ஊருக்கு முதல் உருளை. இனி அவர்களே பிடுங்கி, துருவி, வடித்து, ஈர மாவாக வைப்பார்கள். நான் வாங்குவேன். பட்டறை முதலாளிக்கும் எழுதிவிட்டேன். நீ முடியாது என்று சொன்ன இடத்தில், என் மகன் யோசித்துப் பார்த்துச் சம்மதித்துவிட்டான் என்று நான் எழுதியிருக்கிறேன். பொய்தான். அதை மெய்யாக்குவது உன் பொறுப்பு. உன் மேல் எனக்கு எத்தனை நம்பிக்கை இருந்தால் இதைச் செய்திருப்பேன் என்று நினைத்துப் பார், அப்புறம் கோபப்படு. கொட்டகையை உன்னிடம் விட்டுவிட்டு, அம்மாவைக் கீழே போய் ஓய்வாக இருக்கச் சொல்லியிருக்கிறாய். ஓய்வு எனக்கு ஒத்துவராது. மேலே மாவுக்கு நான் இருக்கிறேன், கீழே ஜவ்வரிசிக்கு நீ இரு.

ஜவ்வரிசிக்கு ஈர மாவுதான் வேண்டும் என்று நீயே சொல்லியிருக்கிறாய். அதனால் காயவைக்காமல் ஈரத்துணியில் கட்டி, கூடையில் வைத்து, வருகிற செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் இறக்குகிறோம். ஆலை எழும்பாவிட்டால் பரவாயில்லை, பெரிய பானைகளாகப் பார்த்து வாங்கித் தண்ணீர் நிரப்பி அடிவாரத்தில் தயாராக வைத்துக்கொள். வெள்ளையம்மா வருகிறாள், சடையன் வருகிறார், ஊரில் பாதிப் பேர் சுமையோடு வருகிறார்கள். எல்லோருக்கும் கஞ்சி காய்ச்சி வைக்கும்படி ஃபாத்திமாவிடம் சொல். நானும் வருகிறேன் கண்ணு, வெறுங்கையோடு வரவில்லை, ஒரு கூடை என் தலையிலும் இருக்கும். இந்த வயதில் என்னால் அதைத் தூக்கிக்கொண்டு மலையிறங்க முடியும், ஆனால் தனியாகக் கீழே இறக்கிவைக்க முடியாது. நீ வந்து நில்.

அம்மா